வலப்பக்கம் சாய்ந்த கோடுகள்

பிஸ்டலை மேசைமேல் வைத்ததும் ததியா சொன்ன முதல் வார்த்தையே வசவுதான்.

"இந்த நாய்க்குப் பொறந்தது இருவத்தஞ்சு மீட்டர்ல எங்க சுடும்னு அதுக்கே தெரியாது, மேஸ்திரியம்மா. போன சனிக்கிழமை நான் குறி வச்சது அட்டைய. ஓட்டை விழுந்தது கிளப்போட கரி அடுப்புல. புகைக்குழாயில இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. இப்ப ஊரே என்னை அடுப்பு ததியான்னு கூப்பிடுது."

"நல்லவேளை, அடுப்பு பத்த வச்சிருக்கலையே."

"செப்டம்பர்ல எவன் அடுப்பு பத்த வப்பான்?"

விதொசவா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பிஸ்டலை எடுத்தாள். ஊரில் அவளை வீதா என்பார்கள். துப்பாக்கிச் சுடும் கிளப்பின் பின்புறம், சைக்கிள் ஸ்டாண்டுக்கு அடுத்த ஒற்றை அறைதான் அவள் பட்டறை. மேகசினை உருவி எடுத்தாள். ஸ்லைடைப் பின்னால் இழுத்து, தோட்டா நிற்கும் இடத்தைக் கண்ணால் பார்த்தாள். பார்த்தது போதாதென்று சுண்டு விரலையும் விட்டுப் பார்த்தாள். காலி. அப்புறம் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு ஆட்டு ஆட்டினாள். கடகடவென்றது.

"அண்ணே, இது துப்பாக்கி இல்ல. கிலுகிலுப்பை. பேரப்பிள்ளை இருந்தா குடுத்திருங்க."

"கிளப்புல பசங்க சொன்னாங்கன்னு நானும் ஒரு வைத்தியம் பண்ணிப் பாத்தேன்." ததியா தலையைச் சொறிந்தார். "பீர் டப்பாவக் கத்தரிச்சு, ஒரு தகடு சுத்தி உள்ள வச்சேன்."

"பீரக் குடிச்சிட்டா, குடிக்காமலா?"

"குடிச்சிட்டுத்தான்."

"அப்ப அதுவாவது வீணாப் போகல."

ததியா சிரித்தார். ரயில்வே யார்டில் முப்பத்தைந்து வருஷம் பெட்டிகளைக் கோத்துக் கோத்து இரண்டு விரலைப் பறிகொடுத்தவர். சிரித்தால் தோள் மட்டும்தான் குலுங்கும். வீதா சிரிக்கவில்லை. பிஸ்டலின் இடது பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி வரிசை எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தபடியே நின்றாள்.

"எங்க வாங்குனீங்க இத?"

"வாங்குறதா? ராணுவக் கிடங்கைக் காலி பண்ணப்ப கிளப் ஒரு பெட்டி எடுத்தது. பத்துப் பதினஞ்சு வருஷமா மெழுகுத்தாளோட கெடந்துச்சு. போன மாசம்தான் பிரிச்சோம். ஏன்?"

"ஒண்ணுமில்ல. போயி ஒரு காபி குடிச்சிட்டு வாங்க. ரெண்டு மணி நேரம் ஆகும்."

"ரெண்டு மணி நேரத்துல நாலு காபியாவும்."

"அப்ப நாலு குடிங்க."

அவர் போனதும் கதவைச் சாத்தினாள். வெளியே எங்கோ குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கருகிய தோலின் வாசம் ஜன்னல் வழியே வந்தபடி இருந்தது. ஜன்னலையும் சாத்தினாள்.

அந்த எண் அவளுக்கு மனப்பாடம். நாற்பது எண்கள், ஒன்றை அடுத்து ஒன்றாக. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தாளில் பார்த்தவை. தாளில் மட்டும்தான் பார்த்தாள். பிஸ்டல்களைக் கண்ணில் காட்டவே இல்லை, எங்கோ ஒரு கிடங்கில் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. ஆற்றோர ஆலையில் பிஸ்டல் கோக்கும் பிரிவில் அரம் பிடித்தாள். குழலின் முன்நுனியை ஸ்லைடுக்குள் அசையாமல் பிடித்து நிறுத்தும் வளையம் இருக்கிறதே, புஷ், அதை ஒவ்வொரு பிஸ்டலுக்கும் தனித்தனியாக அரத்தால் தேய்த்துப் பொருத்துவதுதான் வேலை. மிஷின் கொஞ்சம் பெரிதாகவே வெட்டித் தரும். மிச்சத்தைக் கைதான் பார்க்கவேண்டும். ஒரு தேய்ப்பு குறைந்தால் உள்ளே போகாது. ஒரு தேய்ப்பு கூடினால் குழல் ஆடும், குறி தவறும். கூடிப்போனதைக் குப்பையில்தான் போடவேண்டும். பொருந்தியதும் அவரவர் பஞ்சை, அதாவது நுனியில் முத்திரை செதுக்கிய எஃகு உளியை, வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு முத்திரை. வீதாவுடையது ஒரு பிறை, அதன் வயிற்றில் ஒரு புள்ளி. பஞ்சை எவரும் எவருக்கும் தரக்கூடாது. தந்தால் வேலை போகும். இதைச் சேர்ந்த முதல் நாளிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சொல்வார்கள்.

அவள் ஒருமுறை தந்தாள். ஒரே ஒருமுறை.

கேட்டது வேறு யாராவதாக இருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பாள். கேட்டவன் ஒப்ராத். பக்கத்து மேசைக்காரன். அதைவிடப் பெரிய விஷயம், அவன் அவளுடைய கூம். அவளுக்கும் மோமிருக்கும் கல்யாணம் நடந்தபோது மாதாகோவிலில் மணமக்கள் தலையில் வைக்கும் கிரீடத்துக்குப் பக்கத்தில் சாட்சியாக மெழுகுவத்தி பிடித்து நின்றவன். அவனுக்கு அவள் கூமா. உடன்பிறந்தவனோடு சண்டை போடலாம், பேசாமல் இருக்கலாம். கூமை மறுக்க முடியாது. மறுத்த குடும்பத்தோடு ஊரில் ஒருத்தரும் ரொட்டி பிய்த்துத் தின்னமாட்டார்கள்.

"என் பஞ்சு மூக்கு உடைஞ்சுபோச்சு, கூமா. ஸ்டோர்ல திங்கக்கிழமைதான் தருவானாம். இன்னைக்கு ஒரு அஞ்சு பீஸ் மட்டும் உன் பஞ்சுல தட்டிக்கிறேன். மாசக் கணக்கு நிக்குது" என்றான். அவள் ஏப்ரனிலிருந்து எடுத்து நீட்டினாள். மதியம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. மோமிருக்கு அன்றுதான் இரண்டாவது தடவை ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் காலை பஞ்சு அவள் மேசையில், எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தது.

ஆறு மாதம் கழித்து நாற்பது பிஸ்டல் திரும்பி வந்தது. எல்லாமே முன்பக்கம் லூஸ். எல்லாவற்றிலும் பிறை, வயிற்றில் புள்ளி.

தொழிலாளர் குழு விசாரித்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். "முத்திரை என்னுது. வேலை என்னுது இல்ல" என்றாள். "அப்ப உன் பஞ்ச யாருக்குக் குடுத்தே?" என்று கேட்டார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். முந்தின ராத்திரி ஒப்ராத் அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதிருந்தான். "நான் தட்டினது அஞ்சுதான், கூமா. அஞ்சும் ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. மிலென்கா வயித்துல இருக்கிற புள்ள மேல சத்தியம்." அந்த அஞ்சை அவனே எடுத்துச் சொன்னால் இரண்டு பேர் வேலையும் போகும். பிறக்கப்போகிற பிள்ளை தெருவில் நிற்கும். அதனால் சொல்லவில்லை.

அவளைக் குரோம் முலாம் போடும் தொட்டிக்கு மாற்றினார்கள். பதினோரு வருஷம் அமிலப் புகை. மூக்கின் நடுச்சுவரில் இன்றைக்கும் ஒரு ஓட்டை உண்டு. குளிர்காலத்தில் விசில் அடிக்கும். இடது கையில் இரண்டு விரலில் உணர்ச்சி பாதிதான். அதெல்லாம் போகட்டும். அவளை உள்ளே இருந்து தின்றது வேறு. ஒப்ராத் சத்தியம் பண்ணிவிட்டான். பிள்ளை மேல் யாரும் பொய்ச் சத்தியம் பண்ணமாட்டார்கள். அப்படியானால் அந்த நாற்பதும் தன் கை செய்ததுதான். மோமிர் செத்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில், ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுக் காலையில் அரம் பிடித்த கை. தூக்கத்தில் ஒரு தேய்ப்புக் கூடியிருக்கலாம். ஒன்று கூடினால் நாற்பதும் கூடும். அப்படித்தான் நம்பினாள். நம்பி நம்பிப் பழகிப்போனாள். ஆலை ஆளைக் குறைத்து, இந்தப் பட்டறைக்கு வந்த பிறகும் புஷ் வேலை வந்தால் மட்டும் ஒன்றை நாலு தடவை அளப்பாள்.

இப்போது நாற்பதில் ஒன்று எதிரே கிடக்கிறது.

வேலையை வேலையாகவே பார்க்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள். ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரியவேண்டும். பழைய பிஸ்டலில் ஆட்டம் என்றதும் புஷ் மேல் பழி போடுவது சோம்பேறியின் வேலை. ஸ்லைடை மூடி, தோட்டா வெளியே விழும் ஜன்னல் வழியே குழலின் பின்பகுதியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. குழலைத் தூக்கிக்கொடுக்கும் கொண்டியின் ஆணி தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. குழல் முதுகில் இருக்கும் பல் மழுங்கியிருக்கிறதா? புதிது போல இருந்தது. நூறு தோட்டாகூடச் சுட்டிராத பிஸ்டல். பின்பக்கம் சுத்தம். அப்போது முன்பக்கம்தான்.

குழல் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினாள். டக், டக். புஷ்ஷையும் ஸ்லைடையும் சேர்த்து விரலை வைத்தாள். குழல் புஷ்ஷுக்குள் ஆடவில்லை. புஷ்ஷே ஸ்லைடுக்குள் ஆடியது. அதன் காது, ஸ்லைடில் மாட்டிக்கொள்ளும் அந்தச் சின்ன மேடு, தேவைக்கு மேல் தேய்க்கப்பட்டிருக்கவேண்டும். ஸ்பிரிங் மூடியை அமுக்கி, புஷ்ஷை அரைவட்டம் திருப்பி வெளியே இழுத்தாள். பீர் டப்பாத் தகடு மேசையில் விழுந்தது. அதற்குப் பின்னால் புஷ் விழுந்தது.

பிறை. வயிற்றில் புள்ளி.

கொஞ்ச நேரம் அதைத் தொடவில்லை. ஸ்டவ்வில் காபிக்குத் தண்ணீர் வைத்தாள். பொங்கி அடங்கியது, அதையும் ஊற்றவில்லை. பிறகு பெட்ரோலில் புஷ்ஷைக் கழுவி, துடைத்து, கண்ணில் லென்சை மாட்டிக்கொண்டு விளக்குக்குக் கீழே பிடித்தாள்.

காதின் முதுகில் அரக்கோடுகள் அப்படியே இருந்தன. மெழுகிலும் எண்ணெயிலும் இருபத்தாறு வருஷம் தூங்கிய கோடுகள். நேற்றுப் போட்டதுபோல இருந்தன. எல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருந்தன.

வீதா இடக்கைக்காரி. அவள் அரம் போட்டால் கோடு இடப்பக்கம் சாயும். வேறு மாதிரி சாய வைக்க அவளால் முடியாது, வேண்டுமென்று முயன்றாலும் முடியாது. அந்தப் பிரிவில் இடக்கை அவள் ஒருத்திதான். மேசையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸைக்கூட அவளுக்காகத் திருப்பி வைத்திருந்தார்கள்.

அது மட்டுமில்லை. ஒவ்வொரு கோட்டின் கடைசியிலும் ஒரு சின்னக் கொக்கி. தேய்த்து முடிக்கும் இடத்தில் மணிக்கட்டைச் சுண்டுகிறவனின் கை. பன்னிரண்டு வருஷம் பக்கத்து மேசையில் பார்த்த சுண்டல். "ஏன் கூமே, அரத்தை உதறுறே? ஈ ஓட்டுறியா?" என்று அவளே எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள்.

முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைத்துப் பிரயோசனமில்லை. என் கை இல்லை. என் கை இல்லை. இடது கையை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். செத்த விரல் இரண்டும் சேர்ந்தே நின்றன. அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அதற்குப் பின்னால் மற்றதெல்லாம் வந்தது. அஞ்சு இல்லை, நாற்பது. தானே கூடுதலாகத் தேய்த்துக் குப்பையில் போட்ட புஷ்ஷையெல்லாம் பொறுக்கி, அவள் ஆஸ்பத்திரியில் இருந்த மதியம் முழுக்க உட்கார்ந்து அவள் முத்திரையைத் தட்டியிருக்கிறான். அவனுக்கும் அது தெரியும். அவள் தன் கையையே சந்தேகப்பட்டு அழுதபோது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "மனசை விடாத கூமா, எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்று சொன்னவனும் அவன்தான். ஒவ்வொரு குளிர்காலமும் பாதிப் பன்றி கொண்டு வந்தான். மோமிர் சவப்பெட்டிக்கு முன்பக்கத் தோள் கொடுத்தான். அவள் கூரையை மாற்றிப் போட்டான். இருபத்தாறு வருஷம் அதையெல்லாம் பாசம் என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். வாயில் எச்சில் ஊறிக் கசந்தது. எழுந்துபோய் வாளியில் துப்பினாள்.

கதவு தட்டப்பட்டது. ததியா அதற்குள் நாலு காபியையும் முடித்துவிட்டாரா என்று நினைத்துத் திறந்தாள். ஒப்ராத் நின்றான்.

வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. மார்பில் ரோஸ்மேரிக் கொத்து. தோளிலிருந்து மரக் குடுவை தொங்கியது. அதன் கழுத்தைச் சுற்றிச் சிவப்பு நாடா, பூ, வீடு வீடாகப் போனதில் கட்டிவிட்ட நாணயங்களும் நோட்டுகளும். கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவன் குடுவையைத் தருவான். வாங்கி ஒரு மடக்குக் குடித்து, நாடாவில் ஏதாவது கட்டிவிட்டால் வருவதாக அர்த்தம்.

"கூமா!" என்று கையை விரித்தான். "வீட்டுக்குத்தான் போனேன். ஆளைக் காணோம். ஞாயித்துக்கிழமையும் இரும்பைத்தான் கட்டிக்கிட்டு அழுவியா? கூமாவ முதல்ல அழைக்கணும், கடைசில வந்து நிக்கிறேன், காலை ஒடிக்கணும்னா ஒடி. சென்கா சொல்லிட்டா, கிரீடத்துக்குப் பக்கத்துல நீ நிக்கலேன்னா அவ கல்யாணமே பண்ணிக்கமாட்டாளாம்."

சென்கா. அன்று மிலென்காவின் வயிற்றில் இருந்த பிள்ளை. அவளை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தி நின்றவளும் வீதாதான்.

குடுவையை நீட்டினான். வீதா கையை நீட்டவில்லை.

"உள்ள வா" என்றாள்.

உட்கார்ந்தான். அவள் புஷ்ஷை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து அவன் முன் தள்ளினாள். லென்சையும் தள்ளினாள்.

"என்ன இது?"

"பாரு. உனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுமே."

லென்சை எடுத்தான். பார்த்தான். பார்த்த கண்ணை உடனே எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான். எடுத்தால் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். வீதாவுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

"பழசு" என்றான்.

"ஆமா. எண்பத்தெட்டாம் வருஷம்."

"யாரோடது?"

"முத்திரை யாருதுன்னு பாத்தல்ல. கோடு யாருதுன்னு நீ சொல்லு."

ஒப்ராத் லென்சைக் கீழே வைத்தான். குடுவையின் நாடாவில் ஒரு நாணயத்தை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"வீட்டு லிஸ்ட் வருதுன்னு சொன்னாங்க" என்றான் கடைசியாக. "ஆலை வீடு. பன்னெண்டு பேருக்கு. நான் பதினாலாவது. கணக்கு மேசைய வச்சுத்தான் எடுப்பாங்க, முத்திரைய வச்சு இல்ல. அந்த மாசம் கணக்கு எட்டலேன்னா இருவதுக்குப் போயிருப்பேன். மிலென்காவுக்கு ரெண்டாவது மாசம். மாமியார் வீட்டுக் கோழிக் கொட்டகையில படுத்திருந்தோம், உனக்குத் தெரியாதா? திரும்பி வரும்னு நான் நினைக்கலை. எங்கயோ கடல் தாண்டிப் போற சரக்கு. எவன் பாக்கப்போறான்னு நெனச்சேன்."

"உன் பஞ்சு ஒடஞ்சுதா?"

அவன் நாணயத்தை விட்டுவிட்டு நாடாவின் முடிச்சை இறுக்கினான்.

"கேட்டதுக்குச் சொல்லு, ஒப்ராத்."

இருபத்தாறு வருஷத்தில் அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் தலை நிமிர்ந்தது.

"ஒடயல" என்றான்.

"சரி."

"அதுக்கப்புறம் நான் உனக்குச் செய்யாதது என்ன, சொல்லு. ஒரு வருஷம் விட்டிருக்கேனா? மோமிருக்கு—"

"மோமிர் பேரை எடுக்காத. அந்த மதியம் அவனுக்கு ரத்தம் ஏத்திக்கிட்டு இருந்தாங்க. நீ அங்க உக்காந்து தட்டிக்கிட்டு இருந்தே."

"வீதா, நான் பாவம்தான். ஒத்துக்கறேன். உதைக்கணும்னா உதை. ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமை கல்யாணம். முந்நூறு பேரு. கூமா வரலேன்னா ஊரு என்னன்னு கேக்கும்? நான் என்னன்னு சொல்லுவேன்?"

"கேட்டா சொல்லு. உன் வாயாலயே சொல்லு. அன்னைக்கு என்னைக் கேட்டாங்க, நான் சொல்லல. இன்னைக்கு உன்னைக் கேப்பாங்க."

"புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?"

அந்தக் கேள்விதான் அவளை உண்மையில் குத்தியது. சென்கா அவள் மடியில்தான் நடை பழகினாள். முதல் பல் விழுந்தபோது ஓடி வந்து காட்டியது அவளிடம்தான்.

"ஒரு பாவமும் பண்ணல" என்றாள். "அவ தலை மேலதான் சத்தியம் பண்ணே. போயி மொதல்ல அவகிட்ட சொல்லு. என்ன செஞ்சே, யாருக்குச் செஞ்சே, எதை வச்சு சத்தியம் பண்ணே, எல்லாம். கேட்டுட்டு அவளா இங்க நடந்து வந்து கூப்பிட்டான்னா, நான் நிப்பேன். உன் குடுவைல குடிச்சிட்டு வரமாட்டேன்."

"அவ என்னை மன்னிக்கமாட்டா."

"அது எனக்கும் அவளுக்கும் நடுவுல இல்ல. உனக்கும் அவளுக்கும்."

ஒப்ராத் எழுந்தான். குடுவையை மறுபடி ஒருமுறை நீட்டினான், ஒரு மடக்கு, சும்மா பேருக்கு என்று கண்ணாலேயே கேட்டான். வீதா ஜன்னலைத் திறந்துவிட்டாள். மிளகாய் வாசம் உள்ளே வந்தது. அவன் போனான். பஸ் நிறுத்தத்தில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். பட்டறையிலிருந்து வெளியே வந்தவன் தோளில் குடுவையைப் பார்த்தார்கள். திறக்காத மூடியைப் பார்த்தார்கள். பிறகு திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தார்கள். கூமா குடுவையில் குடிக்கவில்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

வீதா வேலையைத் தொடங்கினாள். பெட்டியில் தேய்க்காத புஷ் மூன்று இருந்தது. ஒன்றை எடுத்து வைஸில் பூட்டினாள். நீலமை தடவி ஸ்லைடில் மாட்டிப் பார்த்து, எங்கே இடிக்கிறதோ அங்கே மட்டும் அரம். மறுபடி மை, மறுபடி மாட்டிப் பார்ப்பது. செத்த விரல்களால் மெதுவாகத்தான் முடிந்தது. முதல் தடவை அளந்தாள். இரண்டாவது தடவை அளக்கவில்லை. புஷ் கடைசியில் முனகிக்கொண்டு உள்ளே திரும்பி, டப்பென்று நின்றது.

ததியா நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தார்.

"நாலு காபி குடிக்கச் சொன்னீங்களே, நெஞ்சு படபடங்குது. என்னாச்சு, பொழைச்சுதா?"

"ஆட்டிப் பாருங்க."

காதோரம் வைத்து ஆட்டினார். இன்னும் பலமாக ஆட்டினார். சத்தமே இல்லை.

"ஆத்தாடி! அடுப்பு தப்பிச்சுது." பிஸ்டலைப் பெட்டியில் வைத்தவர், தாளில் கிடந்த பழைய புஷ்ஷைப் பார்த்துவிட்டார். குனிந்து பார்த்தார். "இதுல பிறை போட்டிருக்கு. உங்க முத்திரை இதுதானேம்மா? பழைய ஆளுங்க சொல்லக் கேட்டிருக்கேன்."

"முத்திரை என்னுது" என்றாள் வீதா. "வேலை என்னுது இல்ல."

"அதான் ஆடுனதுலயே தெரியுதே" என்றார் ததியா, அது ஒரு விஷயமே இல்லை என்பதுபோல. "சரி, அதையும் பொட்டலம் கட்டிக் குடுங்க. பசங்ககிட்ட காட்டணும்."

"அது இங்கயே இருக்கட்டும், அண்ணே. ஒரு பொண்ணு வந்து பாக்கவேண்டியிருக்கு."

"எப்ப வருது?"

வீதா தாளை மடித்தாள்.

"தெரியல" என்றாள்.